ரட்சிக்கப்பட்டேன், ஏற்றுக்கொண்டேன்: ஒரு சாட்சியில் வரும் இரண்டு வினைகள்

பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டம். மழை வருகிற மாதிரி இருந்ததால் வாசலில் போட்ட பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் திண்ணையிலும் உள்நடையிலும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். லாரி ஓட்டுகிற ஒருவர் எழுந்து சாட்சி சொன்னார். "இருவது வருசம் அவரை விட்டு ஓடிக்கிட்டே இருந்தேனுங்க. அவரு விடலீங்க. ஒரு ராத்திரி சங்ககிரி தாண்டி வண்டிய ஓரங்கட்டிப்போட்டு, அங்கயே அவரை ஏத்துக்கிட்டேனுங்க. அன்னைக்கு ரட்சிக்கப்பட்டேனுங்க." எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் ஒருவன், ரட்சிப்பு முழுக்க தேவனுடைய முடிவு என்கிற கால்வினியப் பிரசங்கங்களாகக் கொஞ்ச நாளாகப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறவன், சும்மா இருக்க முடியாமல் கேட்டுவிட்டான்: "அண்ணா, அப்போ முடிவு பண்ணுனது நீங்களா, அவருங்களா?"

சிரிப்பு வந்தது. லாரிக்காரர் சிரிக்கவில்லை, கொஞ்சம் யோசித்தார். "ஓடுனது நான்தான் தம்பி. அதுல சந்தேகமில்ல. நின்னது எப்படின்னுதான் இன்னைக்கு வரைக்கும் தெரியலை."

அந்தப் பதில் எவ்வளவு சரியானது என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அவர் பயன்படுத்திய இரண்டு வினைகளைப் பாருங்கள். 'ரட்சிக்கப்பட்டேன்' என்பதில் 'படு' இருக்கிறது. செய்தவர் வேறொருவர், எனக்கு அது நடந்தது. 'ஏற்றுக்கொண்டேன்' என்பதில் 'கொள்' இருக்கிறது. கையை நீட்டி வாங்கியது நான். நம் சபைகளில் சாட்சி சொல்கிற யாரும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள், ஒன்றோடொன்று இடிப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. கிறிஸ்தவ உலகம் ஏறக்குறைய 1600 வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பது இந்தப் 'படு'வுக்கும் 'கொள்'ளுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான்.

இதில் தமிழ் வேதாகமம் தன் பங்குக்கு ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. தேர்ந்தெடுப்பது என்பதற்கு அதில் வருகிற சொல் 'தெரிந்துகொள்ளுதல்'. "யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்று தெரிந்துகொள்ளுங்கள்" என்கிறான் யோசுவா. "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்" என்கிறார் இயேசு, யோவான் 15இல். வினை அதேதான், செய்கிற ஆள்தான் மாறிவிட்டார். பவுலின் நிருபங்களுக்கு வந்தால் 'தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்' என்று கொள்ளும் படுவும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, கொள்கிறவர் தேவன், படுகிறவர்கள் நாம்.

ஒரு தப்பான எண்ணத்தை இங்கேயே தள்ளிவிட வேண்டும். மனிதனுக்கு விருப்பம் என்று ஒன்று உண்டா இல்லையா என்பதல்ல இந்தச் சண்டை. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வினைப் பின்பற்றுகிறவர்கள்கூட மனிதன் தன் விருப்பத்தோடுதான் கிறிஸ்துவிடம் வருகிறான் என்பார்கள், கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவதாக யாரும் சொல்லவில்லை. அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது, முதல் அடியை வைத்தது யார், வந்த கிருபையை, அதாவது தகுதி பார்க்காமல் தேவன் தருகிற தயவை, வேண்டாம் என்று தள்ள முடியுமா, இவைதான் கேள்விகள். அதே மாதிரி 'முன்குறித்தல்', அதாவது யார் ரட்சிக்கப்படுவார்கள் என்று தேவன் முன்பே தீர்மானிப்பது, என்றதும் நம் ஆட்கள் அதைத் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். "அவன் தலைல எழுதுனது அவ்வளவுதானுங்க" என்று எழவு வீட்டில் சொல்கிற அந்தத் தலையெழுத்துக்கு முகம் கிடையாது, அதனிடம் மன்றாட முடியாது. எபேசியர் முதல் அதிகாரத்தில் முன்குறிக்கிறவர் ஒரு தகப்பன், குறிப்பது பிள்ளைகளாக எடுத்துக்கொள்வதற்கு. கொள்கை பிடிக்கிறதோ இல்லையோ, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

சண்டை எப்படித் தொடங்கியது? பெலாஜியஸ் என்று ஒரு துறவி, பிரிட்டனிலிருந்து ரோமாபுரிக்கு வந்தவர். அவரை வில்லனாகவே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அவருடைய எரிச்சலில் நியாயம் இருந்தது. ரோமில் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் மெத்தனமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள், கேட்டால் மனுசன் பலவீனன், என்ன செய்வது என்றார்கள். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீன் தன் தன்வரலாற்றில் கடவுளிடம், நீர் கட்டளையிடுவதைச் செய்ய எனக்குக் கொடும், அப்புறம் எதை வேண்டுமானாலும் கட்டளையிடும் என்கிற பொருளில் ஒரு ஜெபம் எழுதியிருந்தார். பெலாஜியஸுக்கு அது பொறுக்கவில்லை. கட்டளை கொடுத்தவர் அதைச் செய்கிற திராணியை ஏற்கெனவே கொடுத்திருக்க மாட்டாரா? செய்ய முடியாததைச் செய்யச் சொல்லி, செய்யாததற்குத் தண்டிக்கிற கடவுள் என்ன கடவுள்? நல்ல கேள்விதான், இன்றைக்கும் வேதபாட வகுப்பில் பிள்ளைகள் கேட்கிற கேள்வி.

அகுஸ்தீனின் பதில் அவருடைய சொந்த அனுபவத்திலிருந்து வந்தது. வருடக்கணக்கில் திருந்த நினைத்தும் திருந்த முடியாதவர் அவர். மனம் நினைக்கிறது, அதே மனம் முரண்டு பிடிக்கிறது. 386இல் மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் அது உடைந்தபோது, தான் உடைத்தேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆதாமின் வீழ்ச்சியில் மனித விருப்பமே நோய்ப்பட்டுவிட்டது, காய்ச்சலில் படுத்திருப்பவனிடம் நடந்து வந்து மருந்து வாங்கிக்கொள் என்றால் நடக்காது, மருத்துவர்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். 410இல் ரோமாபுரி சூறையாடப்பட்ட சமயத்தில் பெலாஜியஸும் கடல் தாண்டி ஆப்பிரிக்கா பக்கம் போக, விவகாரம் முற்றியது. 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸின் போதனையைக் கண்டித்தார்கள்.

அதோடு முடியவில்லை. தென் பிரான்சில் மார்சேய் பக்கத்துத் துறவிகள், காசியன் போன்றவர்கள், நடுவழி ஒன்று தேடினார்கள். கிருபை இல்லாமல் ரட்சிப்பு இல்லை, சரி, ஆனால் சில நேரமாவது முதல் விருப்பம், அந்த முதல் பெருமூச்சு, மனிதனிடமிருந்து வரலாம் இல்லையா? 529இல் ஆரஞ்சு என்ற ஊரில் கூடிய ஆயர்கள் சங்கம் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. விசுவாசத்தின் ஆரம்பமே, விசுவாசிக்க வேண்டும் என்கிற ஆசையே, கிருபையின் வேலை என்றது. அதே மூச்சில், தேவன் யாரையும் தீமைக்கென்று முன்குறித்தார் என்று சொல்கிறவர்களையும் கண்டித்தது. இந்தச் சிறிய சங்கத்தைப் பற்றி நம் பக்கத்துப் பிரசங்கங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை, ஆனால் பிற்காலச் சண்டைகள் எல்லாம் இந்த வேலிக்குள் நின்று போட்டவைதான்.

எங்கள் பக்கத்துப் பாசனத்தை வைத்துச் சொன்னால் இது இன்னும் சுலபமாகப் பிடிபடும். பெலாஜியஸ் கிணற்றுப் பாசனக்காரர். ஆண்டவன் காட்டையும் கடப்பாரையையும் கொடுத்துவிட்டான், வெட்டுவது உன் பாடு. மார்சேய்த் துறவிகளைப் பொறுத்தவரை விவசாயி முதலில் போய் மனு கொடுக்கிறார், அதைப் பார்த்து அணையிலிருந்து தண்ணீர் விடுகிறார்கள். ஆரஞ்சு சங்கத்தின்படி பவானிசாகரில் திறந்தது முதலில், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்து உங்கள் மடைக்கு முன்னால் நின்ற பிறகுதான் உங்கள் பேச்சே தொடங்குகிறது. மனு கொடுக்கத் தோன்றியதுகூட அந்த ஈரத்தால்தான். இதுவரைக்கும் மேற்கத்தியப் பிரதான சபைகள் எல்லாமே ஒரு பக்கம். அப்புறம் வருகிற கேள்வி, மடையைத் திறப்பது யார்? தண்ணீர் எல்லா மடைக்கும் வருகிறது, மண்ணை வெட்டிவிடுகிற தெம்பையும் அதுவே கொடுக்கிறது, ஆனால் வெட்டாமல் கைகட்டி நிற்கவும் உன்னால் முடியும் என்றார் பிற்காலத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. எந்த வயலுக்கு என்று அணை கட்டுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது, அந்த வயலுக்கு வந்த தண்ணீர் மடையைத் தானே உடைத்துக்கொண்டு பாயும் என்பது கால்வின் வழி.

கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று ஒரு முறை இருப்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மொத்தம் 2.07 லட்சம் ஏக்கர், எல்லாவற்றுக்கும் ஒரே போகத்தில் தண்ணீர் போதாது, அதனால் பாதிக்கு இந்தப் போகம், மீதிப் பாதிக்கு அடுத்த போகம். உங்கள் காடு எந்த மதகில் விழுகிறது என்பது உங்கள் உழைப்பைப் பார்த்து முடிவானதல்ல. ரோமர் 9இல் யாக்கோபு, ஏசா கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னே, நல்வினை தீவினை எதுவும் செய்வதற்கு முன்னே ஒருவனைத் தெரிந்துகொண்டது. ஒரு வித்தியாசம், இங்கே மதகு முறை மாறும். கால்வின் வழியில் முறை மாறாது. அங்கேதான் பலருக்கு வயிறு கலங்குகிறது, எனக்கும்தான்.

புராட்டஸ்டன்டுகள் கத்தோலிக்க சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்த காலத்துக்கு வருவோம். 1524இல் இராஸ்மஸ் என்ற கத்தோலிக்க அறிஞர் மனித விருப்பத்துக்கு ஆதரவாக ஒரு நூல் எழுத, 1525இல் லூத்தர் அதை மறுத்து எழுதினார். மனித விருப்பம் சுமை மிருகம் மாதிரி, தேவன் ஏறினால் தேவன் போகிற பக்கம் போகும், சாத்தான் ஏறினால் அவன் பக்கம் போகும், யார் ஏற வேண்டும் என்று அது தேர்ந்தெடுப்பதில்லை என்றார். அவ்வளவு கடுமை. ஆனால் லூத்தரன் சபைகள் 1577இல் தங்கள் அறிக்கையை எழுதி முடித்தபோது ஒரு விநோதமான இடத்தில் நின்றுகொண்டார்கள். ரட்சிக்கப்பட்டால் அது முழுக்க தேவனுடைய தெரிந்துகொள்ளுதல், கெட்டுப்போனால் அது முழுக்க மனிதனுடைய குற்றம். இரண்டையும் ஒரே கணக்கில் முடிச்சுப்போட அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஓடியது நான்தான், நின்றது எப்படி என்று தெரியவில்லை என்று சொன்ன லாரிக்காரர் அந்த அறிக்கையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார், அவர் போவது பெந்தெகொஸ்தே சபைக்கு. ஆனால் அதைவிடச் சுருக்கமாக அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கால்வின் பக்கத்தில் சண்டை நெதர்லாந்தில் வெடித்தது. அர்மீனியுஸ் என்ற பேராசிரியர் 1609இல் இறந்துபோனார். அவர் வழியில் வந்தவர்கள் 1610இல் ஐந்து குறிப்புகள் கொண்ட ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். யார் விசுவாசிப்பார்கள் என்று முன்னறிந்தே தேவன் தெரிந்துகொள்கிறார், கிறிஸ்து எல்லோருக்காகவும் மரித்தார், கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியும் என்பது அதன் போக்கு. 1618, 1619இல் டார்ட் நகரத்தில் கூடிய சங்கம் அதை நிராகரித்து மறுபக்கத்தை உறுதி செய்தது. இன்றைக்குக் கால்வினியத்தின் ஐந்து குறிப்புகள் என்று போனில் சுற்றிவருவது அந்தச் சங்கத்தின் பதிலிலிருந்து வந்ததுதான், அதாவது ஐந்து என்கிற எண்ணிக்கையே எதிராளி போட்டுக்கொடுத்தது.

1739இல் அதே சண்டை இங்கிலாந்தில் இரண்டு நண்பர்களுக்கு நடுவில் வந்தது. வெஸ்லி முன்குறித்தலைத் தாக்கிப் பிரசங்கம் செய்து அச்சிட்டார், கால்வின் பக்கம் நின்ற ஜார்ஜ் வைட்ஃபீல்டு பதில் எழுதினார், எழுப்புதல் இயக்கமே இரண்டாகப் பிரிந்தது. வெஸ்லி சொன்னது 'முந்திவரும் கிருபை'. மனிதன் தானாக வர முடியாதவன்தான், ஆனால் யாரும் அந்த நிலையில் அப்படியே விடப்படவில்லை, மறுமொழி சொல்கிற அளவுக்கு எல்லோருக்கும் ஏற்கெனவே கிருபை வந்திருக்கிறது. பெலாஜியஸ் வழி என்று அவரைத் திட்டுகிறவர்கள் இந்த இடத்தைப் படிக்காமலே திட்டுகிறார்கள். நண்பர்கள் பிறகு சமாதானமானார்கள். 1770இல் வைட்ஃபீல்டு இறந்தபோது நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

இங்கிலாந்துச் சண்டை நமக்கு எதற்கு என்றால், அதன் இரண்டு கிளைகளும் கொங்கு நாட்டில் வந்து இறங்கின. 1795இல் தொடங்கிய லண்டன் மிஷனரி சங்கத்தை உருவாக்கியவர்களில் வைட்ஃபீல்டு வழியில் வளர்ந்தவர்கள் இருந்தார்கள். கோயம்புத்தூரில் அவர்கள் வேலை 1830இல் ஆடிஸ் என்பவரோடு ஆரம்பித்தது, ஈரோடும் பிறகு அவர்கள் களமானது. கரூரும் தாராபுரமும் வெஸ்லியன் மெதடிஸ்டுகளின் களம். ஈரோட்டிலிருந்து கரூர் ரயிலில் எவ்வளவு தூரம்? உட்கார இடம் பிடிப்பதற்குள் புகளூர் வந்துவிடும். கோயம்புத்தூரில் லூத்தரன் ஆலயம் தனியாக இருக்கிறது. கத்தோலிக்கர்கள் இவர்கள் எல்லோருக்கும் முந்தியவர்கள். ராபர்ட் தெ நொபிலி 1623இல் சேலம் பக்கம் வந்தவர்.

1947இல் தென்னிந்திய திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது லண்டன் மிஷன் வழியும் வெஸ்லி வழியும் ஆங்கிலிக்கர்களோடு சேர்ந்து ஒரே சபையாகிவிட்டன. முன்குறித்தல் விஷயத்தில் யார் சரி என்று தீர்த்துவிட்டுச் சேரவில்லை. அவர்கள் ஒத்துக்கொண்ட அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்திலும் நிசேயா விசுவாசப் பிரமாணத்திலும் முன்குறித்தலைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அது கோழைத்தனமா ஞானமா என்று கேட்டால், ஞானம் என்றுதான் நான் சொல்வேன்.

கத்தோலிக்கர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புராட்டஸ்டன்ட் வீடுகளில் வளர்ந்த நாங்கள் எல்லாம் 'அவங்க கிரியையால ரட்சிப்புன்னு சொல்றவங்க' என்று கேட்டே வளர்ந்தோம். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1547இல் சொன்னது அதுவல்ல. தொடக்கம் கடவுளின் முந்திவரும் அருளிலிருந்து, மனிதனின் தகுதி எதுவும் அதற்கு முன் இல்லை, ஆனால் அந்த அருளோடு ஒத்துழைக்கவோ தள்ளிவிடவோ மனிதனால் முடியும் என்றது. இதை அப்படியே வெஸ்லி வாயில் வைத்தால் பாதிப் பேர் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். (விசுவாசத்தால் மட்டும் நீதிமானாக்கப்படுதல் என்பதில் உண்மையான வேறுபாடு உண்டு, அது தனிக் கதை.) அவர்கள் 'அருள்', 'மீட்பு' என்கிறார்கள், நாங்கள் 'கிருபை', 'ரட்சிப்பு' என்கிறோம், சொல் வேறாக இருப்பதாலேயே பொருளும் வேறு என்று நினைத்துக்கொண்டோம். அவர்களுக்குள்ளும் சண்டை இருந்தது. மொலினா என்ற இயேசு சபைக் குரு 1588இல், எந்தச் சூழ்நிலையில் எந்த மனிதன் என்ன தேர்ந்தெடுப்பான் என்பதையும் கடவுள் அறிவார், அதை வைத்தே உலகத்தை நடத்துகிறார் என்று எழுத, தொமினிக்கன் சபையினர் பாய்ந்தார்கள். 1598இலிருந்து ரோமில் விசாரணை. 1607இல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் யாருக்கும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரை ஒருவர் பதிதர் என்று திட்டக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த விசாரணை நடந்துகொண்டிருந்த வருடங்களில்தான் நொபிலி இந்தியாவுக்குக் கப்பலேறினார், அவரும் இயேசு சபைக்காரர்.

நம் ஊரில் இந்த மாதிரிப் பேச்சு புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வடகலை, தென்கலை வைணவர்கள் குரங்குக் குட்டி, பூனைக் குட்டி என்று இதே கேள்வியைப் பேசியிருக்கிறார்கள். குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும், பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். அதை அப்படியே எடுத்து வெஸ்லி, கால்வின் என்று பெயர் ஒட்டுவது சுலபம், ஆனால் முழுக்கப் பொருந்தாது. பூனை தன் குட்டிகளில் சிலவற்றை விட்டுவிட்டுப் போகுமா என்பதுதான் டார்ட் சங்கத்தின் கேள்வி, அந்த உவமையில் அது எழவே இல்லை.

வேதாகமத்தைத் திறந்தால் தீருமா என்றால், அதுவும் இரண்டு பக்கமும் பேசுகிறது. வெளிப்படுத்தல் 3இல் கிறிஸ்து வாசற்படியில் நின்று தட்டுகிறார், "கதவைத் திறந்தால்" என்று நிபந்தனை இருக்கிறது. அப்போஸ்தலர் 16இல் இரத்தாம்பரம் விற்கிற லீதியாளின் இருதயத்தைக் கர்த்தர் தாமே திறந்தருளினார் என்று இருக்கிறது. எருசலேமைப் பார்த்து "எத்தனைதரமோ மனதாயிருந்தேன், உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்று இயேசு புலம்புகிறார். அதே இயேசு, பிதா இழுத்துக்கொள்ளாவிட்டால் ஒருவனும் என்னிடத்தில் வரமாட்டான் என்கிறார். என் மனம் வெஸ்லி பக்கம் சாயும், மறைக்கவில்லை. எல்லா மனுஷரும் ரட்சிக்கப்படச் சித்தமுள்ளவர் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினதை என்னால் சுருக்கிப் படிக்க முடியாது. ஆனால் குடிக்கிற மகனுக்காக அழுகிற ஒரு தாயின் ஜெபத்தைக் கேட்டால் என் கட்சி கொஞ்சம் ஆடிப்போகிறது. 'ஆண்டவரே, அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடும், ஆனால் அவன் விருப்பத்தில் கை வைக்காதேயும்' என்று எந்தத் தாயும் ஜெபித்ததில்லை. 'அவன் மனசை மாத்தும் சாமி' என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பிலிப்பியர் 2இல் ஒரு சின்னச் சொல். பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் ரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று சொல்லிவிட்டு, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார் பவுல். இரண்டுக்கும் நடுவில் அவர் 'ஆனாலும்' போடவில்லை, 'ஏனெனில்' போட்டார். தண்ணீர் விட்டாச்சு என்று சேதி வந்தால் எங்கள் ஊரில் மண்வெட்டியைத் தேடுவார்கள். அதுதான் தண்ணீர் விட்டாச்சே, மண்வெட்டி எதற்கு என்று உட்கார்ந்தவரை நான் பார்த்ததில்லை.

நடைமுறையில் இந்தக் கேள்வி குடும்பங்களைத் தொடுவது ஞானஸ்நானத்தில்தான். அங்கேயும் வினைதான் காட்டிக்கொடுக்கும். சி.எஸ்.ஐ., லூத்தரன், கத்தோலிக்க வீடுகளில் குழந்தைக்கு ஞானஸ்நானம் 'கொடுத்தோம்' என்பார்கள். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, கிருபை முந்திக்கொண்டது. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம் 'எடுத்தேன்' என்பார்கள், அறிவு வந்து, அறிக்கை செய்து, தானே தண்ணீரில் இறங்குவது. முதலாவது கால்வினியம், இரண்டாவது அர்மீனியம் என்று கோடு போட்டுவிடாதீர்கள். வெஸ்லியும் குழந்தைகளுக்குக் கொடுத்தவர், கால்வின் கொள்கையில் ஊறின பாப்டிஸ்ட்டுகளும் உண்டு.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது லாரிக்காரர் அந்தப் பையனிடம், பவானி ஆற்றில் தான் முழுக்கு எடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த அவருடைய அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும் போலிருக்கிறது. "உனக்கு நாப்பதாம் நாளே கோயில்ல கொடுத்தாச்சு கண்ணு," என்றார். "மறுக்கா எதுக்குடா எடுத்தே?"